உணர்ச்சி இல்லையென்றால் நோயும் வராதா?

அண்மையில் வந்த இளைஞர், தென்னை மரத்திலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டவர்; அதற்குக் கீழே உணர்ச்சி இல்லை. கொஞ்ச நாளாகவே தலைவலி, முகமெல்லாம் வியர்வை. ஓரிடத்தில் பிபி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இன்னோரிடத்தில் "இவங்களுக்கு இப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். சக்கர நாற்காலியிலிருந்து அவரை யாரும் இறக்கவே இல்லை. கட்டிலில் ஒருக்களித்துப் படுக்கவைத்ததும் தெரிந்துவிட்டது: இடுப்புக்குக் கீழே, எலும்பு தெரியும் அளவுக்குப் படுக்கைப்புண்.

இப்படி இன்னும் எத்தனை பேரைத்தான் பார்ப்பது?

"கீழே உணர்ச்சியே இல்லையே டாக்டர், அங்கே என்ன வந்துவிடப் போகிறது?" வீட்டார் வாய்விட்டுக் கேட்கிறார்கள். மருத்துவர்கள் சிலர் கேட்பதில்லை, ஆனால் அப்படி நினைத்துத்தான் பார்க்கிறார்கள். தயவுசெய்து இந்த எண்ணத்தை விடுங்கள். சிறுநீரகக் கல், குடல்வால் அழற்சி, எலும்பு முறிவு எல்லாம் அவருக்கும் வரும். வலித்துக் காட்டிக்கொடுக்காது, அவ்வளவுதான். வலி சொல்லாததை நாம்தான் தொட்டும் திருப்பியும் தேடிப் பார்க்க வேண்டும். மற்றவர்களைவிட இவரைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டும். நடப்பது நேர்மாறு.

மார்புப் பகுதியின் ஆறாவது தண்டுவட நிலையிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, அந்த இடத்துக்குக் கீழே ஏதாவது கோளாறு என்றால் பிபி சட்டென்று ஏறும். தலை பிளக்கும், முகம் சிவக்கும், காயத்துக்கு மேலே வியர்த்துக் கொட்டும். அட்டானமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்பார்கள். அந்த இளைஞருக்கு வந்ததும் இதுதான். கவனிக்காமல் விட்டால் பக்கவாதம் வரை போகும். இவர்களில் பலருக்கு பிபியின் மேல் அளவு வழக்கமாகவே 90 முதல் 110 தான். அவருக்கு 140 என்றால் அது ஆபத்து. சக மருத்துவர்களே, "நார்மல்தான்" என்று எழுதும் முன் அவருடைய வழக்கமான அளவு என்ன என்று கேளுங்கள்.

வீட்டில் இப்படி வந்தால் படுக்கவைக்காதீர்கள், பிபி இன்னும் ஏறும். நிமிர்த்தி உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடுங்கள். பெல்ட், இறுக்கமான உடை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். அடுத்து மலச்சிக்கல், அதன்பின் புண், நகச்சுத்தி. உடனே குறையவில்லையா, காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சரி, மருத்துவமனையில்? "கட்டில் உயரம், தூக்க ஆள் இல்லை." இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. நுழைவாயிலில் சாய்தளம் கட்டியதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். உள்ளே தாழ்வான கட்டில் இல்லை, சக்கர நாற்காலியோடு எடை பார்க்கும் இயந்திரம் இல்லை, எடை தெரியாமலே மருந்தின் அளவு எழுதுகிறோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 25-ஆவது பிரிவில், அரசு, தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற வசதி வேண்டும் என்கிறது. சிகிச்சையில் முன்னுரிமையும் அதே பிரிவில் இருக்கிறது. வரிசையில் மணிக்கணக்காக உட்காரவைத்தால் அதுவே புண்ணுக்கு வழி. கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

ஒரே ஒரு வேலை இன்றைக்கே செய்யுங்கள். எந்த இடத்தில் அடிபட்டது, வழக்கமான பிபி எவ்வளவு, கடைசியாக டியூப் மாற்றிய தேதி, இந்த மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி நாற்காலிப் பையில் வைத்துவிடுங்கள். டியூப் மாற்றும்போதெல்லாம் தேதியையும் மாற்றி எழுதுங்கள்.