"ரோட்டுல வச்சுத்தானம்மா எடுத்திருக்கான்?"

மதுரையில் ஒரு கோயில் வாசலில் பூ விற்கும் அக்கா ஒருவர், ஒரு நாள் சாயங்காலம் என் அலுவலகத்துக்கு வந்தார். அவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, அவர் முழம் போடக் கை நீட்டுவதை அரை நிமிடம் செல்போனில் எடுத்திருக்கிறான். இரட்டை அர்த்தப் பாட்டு ஒன்றைச் சேர்த்து ரீல்ஸாகப் போட்டிருக்கிறான். மூன்றே நாளில் அது அக்காவின் மகன் படிக்கும் பாலிடெக்னிக்கின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது.

"பூ விக்கிறவ பூ விக்கிறதத்தான எடுத்தான்னு எம் மவனே கேக்குறான் வக்கீலம்மா. நான் அவனுக்கு என்ன சொல்ல?"

பதினோரு நாளாக அவர் கடை போடவில்லை.

மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு காவல் நிலையம் போனேன். ஸ்டேஷன் ரைட்டர் வீடியோவை இரண்டு முறை பார்த்தார். "ரோட்டுல வச்சுத்தானம்மா எடுத்திருக்கான்? துணியெல்லாம் ஒழுங்காத்தான இருக்கு? என்ன செக்‌ஷன் போடச் சொல்றீங்க?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. பல வக்கீல்களும் இதே கேள்வியைக் கேட்பார்கள், அதனால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்தான். ஸ்டேஷனில் நின்றுகொண்டு சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ரைட்டர் பக்கம் உள்ள நியாயம். பொது இடத்தில் ஒருவரைப் படம் எடுப்பதே குற்றம் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. இருந்தால் திருவிழாவில் யாரும் கேமராவைத் தூக்க முடியாது. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பிழைக்க முடியாது. எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் 'ஒளிந்து பார்த்தல்' குற்றம், 2013-ல் குற்றவியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பழைய 354சி. 2024 ஜூலை 1 முதல் அது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 77-ஆம் பிரிவு. முதல் முறை என்றால் 1 முதல் 3 ஆண்டு, மறுபடி செய்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ஆனால் அது 'அந்தரங்கச் செயலில்' இருக்கும் பெண்ணைப் பற்றியது. குளியலறை, கழிப்பறை, உடை மாற்றும் அறை போல, யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பி இருக்கும் நிலை. 2024 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் இதை வெளிப்படையாகவே சொன்னது. தன் வீட்டு முன்னால் நின்ற பெண்ணைச் சிலர் படம் எடுத்த வழக்கு அது. அங்கே ஒளிந்து பார்த்தல் பிரிவு பொருந்தாது என்று நீதிமன்றம் கூறியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவும் உடலின் அந்தரங்கப் பகுதிகளைப் படம் எடுப்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பின்தொடர்தலுக்கான பி.என்.எஸ். 78-ஆம் பிரிவோ, விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்பவனுக்கானது. ஒரே ஒரு முறை எதிர்த் திண்ணையில் உட்கார்ந்தவனை அது பிடிக்காது.

ஆக, சேலை கட்டி ரோட்டோரம் உட்கார்ந்து வியாபாரம் செய்யும் ஒரு பெண்ணுக்கு நேராகப் பொருந்தும் பிரிவு என்று ஒன்று இல்லை. சட்டத்தில் இது ஒரு ஓட்டை. அதை மூடி மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் 2025-ல் பெங்களூரில் மெட்ரோவிலும் சர்ச் ஸ்ட்ரீட்டிலும் நடந்து போகிற பெண்களை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்து, 'தெருக்காட்சி' என்ற பாவனையில் இன்ஸ்டாகிராமில் போட்டவர்கள் கைது செய்யப்பட்டார்கள். அந்தப் பெண்களும் சாதாரணமாக நடந்துதான் போனார்கள். படத்தின் கோணமும் அதற்கு வந்த பின்னூட்டங்களும்தான் அதை வேறொன்றாக ஆக்கின.

இங்கேதான் பலருக்குத் தவறிப்போகிறது. எடுத்தது குற்றமா என்று கேட்டுக்கொண்டே நிற்கிறார்கள். எடுத்தவன் அதை வைத்து என்ன செய்தான் என்று கேட்டால் கதவுகள் திறக்கும்.

ரைட்டரிடம் நான் காட்டியது நம் மாநிலச் சட்டத்தை. 1998-ல் சென்னையில் ஆட்டோவில் வந்தவர்களின் சீண்டலில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தார். அதையொட்டி வந்ததுதான் தமிழ்நாடு பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம். ஒரு பெண்ணுக்கு மிரட்சியோ பயமோ வெட்கமோ சங்கடமோ உண்டாக்கும் அநாகரிகமான செயல் எதுவும் அதில் துன்புறுத்தல்தான். எங்கெல்லாம் என்று அது பட்டியலே போடுகிறது: கல்வி நிலையம், கோயில், பேருந்து நிறுத்தம், சாலை, ரயில் நிலையம், திரையரங்கு, பூங்கா, கடற்கரை. 'ரோட்டுல வச்சுத்தான' என்ற வாதம் அந்தச் சட்டத்தின் முன் எடுபடாது. ரோட்டுக்காகவே வந்த சட்டம் அது. கூடவே, பெண்ணின் மானத்துக்கு இழுக்கு செய்யும் நோக்கத்தோடு அவள் தனிமையில் குறுக்கிடுவதைத் தண்டிக்கும் பி.என்.எஸ். 79-ஆம் பிரிவு இருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை. அந்தப் பாட்டுதான் நோக்கத்துக்குச் சாட்சி. பாட்டில்லாமல் போட்டிருந்தால் எனக்கு வேலை இன்னும் கடினமாகியிருக்கும். ஆபாசத்தைப் பரப்புவதற்கான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவையும் சிலர் சேர்ப்பார்கள். நான் சேர்க்கவில்லை. அந்த வீடியோவை ஆபாசம் என்று நீதிமன்றத்தில் நிலைநாட்டப் போனால், அதை மறுபடி மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டிவரும். அக்கா அதைத் தாங்க மாட்டார்.

பொது இடம் என்றாலே அந்தரங்கம் போய்விட்டது என்ற நினைப்பை 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் உடைத்துவிட்டது. பொது இடத்தில் இருப்பதால் மட்டும் ஒருவர் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை, அது இடத்தோடு அல்ல, ஆளோடு ஒட்டியது என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும் என் கட்சிக்காரர்களுக்கு நான் அதிகம் எடுத்துச் சொல்வது அதற்கு 23 ஆண்டு முன்னால் வந்த, நம் ஊரில் பிறந்த ஒரு தீர்ப்பை.

சிறையில் இருந்த ஆட்டோ சங்கர் தன் வாழ்க்கைக் கதையை எழுத, அதை நக்கீரன் இதழ் வெளியிடப் புறப்பட்டது. அதில் அதிகாரிகள் சிலரைப் பற்றியும் இருந்தது. வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை கடிதம் அனுப்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1994-ல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற தீர்ப்பு வந்தது. ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல், விளம்பரத்துக்கானாலும் வேறு எதற்கானாலும் பயன்படுத்தினால் அது அவர் உரிமையை மீறுவது. புகழ்ந்து எழுதினாலும் சரி, இகழ்ந்து எழுதினாலும் சரி. அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடலாம், அரசு அதிகாரி தன் கடமை சார்ந்த செயலுக்கு அந்தரங்கம் என்று கவசம் போட்டுக்கொள்ள முடியாது, அரசு முன்கூட்டியே வாயை அடைக்கவும் முடியாது. வழக்கில் வென்றது பத்திரிகைதான்.

இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால்தான் எனக்கு அந்தத் தீர்ப்பின் மேல் இவ்வளவு மதிப்பு. 2025 ஜூன் மாதம் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமாரைத் தனிப்படைப் போலீசார் அடித்ததை ஒருவர் மறைவில் நின்று செல்போனில் எடுத்தார். போலீசாரிடம் சம்மதம் கேட்டு எடுத்த வீடியோ அல்ல அது. கேட்டிருந்தால் எடுத்தவர் கதி என்ன? அஜித்குமார் இறந்தபின் சென்னை உயர் நீதிமன்றத்தின் எங்கள் மதுரைக் கிளையில் வழக்கு வந்தபோது அந்தச் சில நொடிகள்தான் எல்லோரையும் உலுக்கின. காவல் நிலையத்துக்குள் வீடியோ எடுத்ததற்காக அரசு ரகசியச் சட்டத்தில் போட்ட வழக்கு ஒன்றை 2022-ல் பாம்பே உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு ரத்து செய்திருக்கிறது. காவல் நிலையம் அந்தச் சட்டம் சொல்லும் தடை செய்யப்பட்ட இடம் அல்ல என்பது காரணம். சீருடையில் வேலை செய்பவரை நீங்கள் எடுக்கலாம். அவர் வேலைக்கு இடைஞ்சல் செய்யாமல், தள்ளி நின்று எடுங்கள். சம்மதம் வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரே பதில் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கேமராவுக்கு எந்தப் பக்கம் அதிகாரம் இருக்கிறது என்று நான் முதலில் பார்ப்பேன்.

அதற்காக, சீருடை போட்டவர் என்றாலே எதையும் போட்டுவிடலாம் என்றும் இல்லை. 2015-ல் டெல்லி மெட்ரோவில் தள்ளாடி விழுந்த ஒரு காவலரின் வீடியோ, 'குடிகாரப் போலீஸ்' என்ற தலைப்போடு நாடு முழுக்கச் சுற்றியது. அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அவருக்கு முன்பே மூளையில் பக்கவாதம் வந்திருந்தது பிறகு தெரிந்தது. பணி திரும்பக் கிடைத்தது. போன பெயரைத் திருப்பித் தரச் சொல்லி அந்தக் குடும்பம் உச்ச நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. வீடியோவில் பொய் இல்லை. மேலே எழுதிய இரண்டு சொல்லில்தான் பொய். அந்த இரண்டு சொல்லைத் தட்டச்சு செய்யாமல் அப்படியே பகிர்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் நாமும் இருந்திருக்கலாம்.

சம்மதம் பற்றி ஒன்று. 'அந்தப் பொண்ணே சிரிச்சுக்கிட்டு பேட்டி குடுத்துச்சு மேடம்' என்று யூடியூப் சேனல் நடத்தும் பையன்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 2021 ஜனவரியில் சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் பெண்களிடம் மைக் நீட்டி ஆபாசமாகப் பேட்டி எடுத்த ஒரு சேனலைச் சேர்ந்த மூன்று பேர் கைதானார்கள். புகார் கொடுத்தது பேட்டியில் பேசிய பெண்ணே. கேமரா முன் பேசச் சம்மதித்தவர், பேசியதை வெட்டி ஒட்டி எந்தத் தலைப்பிலும் போடலாம் என்று சம்மதித்தவர் ஆகிவிட மாட்டார். ஒளிந்து பார்த்தலுக்கான 77-ஆம் பிரிவின் விளக்கத்திலேயே இது இருக்கிறது: எடுக்கச் சம்மதித்த பெண் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்பியது குற்றம். காதலிக்கும்போது எடுத்த படங்களை வைத்து மிரட்டும் வழக்குகளில் இந்த ஒரு வரியை நம்பித்தான் நாங்கள் நிற்கிறோம். பிராங்க் வீடியோக்களைப் பற்றி எங்கள் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் டிக்டாக் வழக்கிலேயே கண்டித்துச் சொல்லிவிட்டது.

குழந்தைகள் விஷயத்தில் வாதமே வேண்டாம். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் முகம், பெயர், பள்ளி, வீடு எதையும் வெளியிட்டால் போக்சோ 23-ஆம் பிரிவு பாயும். 'நீதி கேட்டு' என்று எழுதிப் போட்டாலும் பாயும்.

இனி, உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெண்ணுக்கோ இது நடந்தால் என்ன செய்வது என்பது. முதல் வேகத்தில் எல்லோரும் செய்வது அந்தப் பையனைக் கூப்பிட்டு 'அழிடா' என்பது. அவன் அழித்துவிடுவான். உங்கள் கையில் இருந்த சாட்சியும் அதோடு போய்விடும். அதற்கு முன் அந்தப் பதிவின் முழு முகவரியை நகலெடுத்து வையுங்கள், கணக்கின் பெயர், தேதி, நேரம், பின்னூட்டங்கள் எல்லாம் தெரிகிற மாதிரி திரைப்பதிவு எடுங்கள். எந்தப் போனில் எடுத்தீர்களோ அந்தப் போனை மாற்றாதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் இதற்குச் சான்றிதழ் தர வேண்டியிருக்கும், அது இல்லாமல் விழுந்த வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். போனைப் பிடுங்குவது, அடிப்பது வேண்டாம். அப்புறம் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

நிர்வாணமோ அந்தரங்க உறுப்போ உருமாற்றிய படமோ இருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு உடனே எழுதுங்கள். 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளே நீக்குவதற்கு 24 மணி நேரம்தான் கொடுத்தன. சைபர் கிரைம் தேசிய இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கெதிரான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. பெயர் சொல்லாமலும் அங்கே புகார் பதியலாம். 1930 முதன்மையாகப் பண மோசடிக்கான உதவி எண். 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்க வீடியோக்களை 48 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கறிஞருக்கே நீதிமன்றம் போனால்தான் நடந்தது என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஸ்டேஷனில் புகார் வாங்காவிட்டால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பலன் இல்லையென்றால் நடுவர் மன்றம் (மாஜிஸ்திரேட் கோர்ட்) இருக்கிறது. எப்படியும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வெளியே வராதீர்கள்.

அக்காவுக்கு சி.எஸ்.ஆர். கிடைத்தது. பையனையும் அவன் அப்பாவையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்றுதான் நான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "படிக்கிற பிள்ள, வேணாம்மா" என்றார். பையன் காலில் விழப் போனான். அதுவும் வேண்டாம் என்றார்.

"அதே எடத்துல, அதே கணக்குல, செஞ்சது தப்புன்னு சொல்லச் சொல்லுங்க. எம் மூஞ்சி அதுல வரக் கூடாது. பூவ மட்டும் எடுத்துப் போடட்டும்."

அதை அப்படியே எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கினோம். அடுத்த வெள்ளிக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். அக்கா மல்லிகைக் குவியலின் மேல் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியைச் சரியாக மடித்து வைத்துவிட்டு, நாற்காலியை இரண்டடி பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தான்.

"இப்ப எடு" என்றார்.