"உதவி வேண்டுமென்றால் அவரே கேட்பார்" என்று காத்திருக்கும் சபைகளுக்கு

சபையாரில் சிலர் ஒன்றுகூடி வேதம் படித்து ஜெபிக்கும் சிறுகுழுக்களில், இன்னொரு குழுவின் தலைவர் பொறுப்பிலிருந்து விலகியிருக்கிறார். காரணம் வழக்கம்போல "குடும்பச் சூழ்நிலை". சிறுகுழுத் தலைவர்களைப் பயிற்றுவிப்பதும், பயிற்சிக்குப் பிறகு அவர்களோடு தொடர்ந்து பேசுவதும் என் பணி என்பதால், இந்தச் சொற்களுக்குப் பின்னால் பெரும்பாலும் என்ன இருக்கிறது என்பதை அறிவேன்: தொடக்கத்தில் ஒருநாள் பயிற்சி, ஆராதனையில் சபையார் முன்பாக ஒரு ஜெபம், அதன்பின் மாதக்கணக்கில் எவரும் வந்து விசாரிக்காத தனிமை. இதையெல்லாம் விட்டுவிட்டு, விலகியவரின் விசுவாசம் குளிர்ந்துவிட்டது என்று சபையில் பேசத் தொடங்கும்போது பொறுமை காப்பது கடினமாக இருக்கிறது.

போதகர்களிடமும் மூப்பர்களிடமும் விசாரித்தால், "எங்கள் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது, தேவையென்றால் அவர் கேட்டிருக்கலாமே" என்கிறார்கள். கேட்க மாட்டார். ஊதியம் எதிர்பாராமல் மனமுவந்து பொறுப்பை ஏற்றவருக்கு, உதவி கேட்பது தன் தகுதிக் குறைவை ஒப்புக்கொள்வதாகவே தோன்றும். வாரந்தோறும் மற்றவர்களிடம் "பாரத்தைக் கர்த்தர்மேல் வைத்துவிடுங்கள்" என்று சொல்கிறவர், தன் பாரம் தாங்கவில்லை என்பதை எந்த முகத்தோடு சொல்வார்? போதகர் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருப்பதைக் கண்ணால் காண்கிறவர், தன் சிறிய சங்கடத்தைக் கொண்டுபோய் அவர்மேல் ஏற்றவும் தயங்குவார். எல்லாவற்றுக்கும் மேலாக, தனக்கு என்ன உதவி வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாமலிருக்கலாம். குழுவில் ஒருவர் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறார், இரண்டு குடும்பங்கள் ஒன்றின் முகத்தை மற்றொன்று பார்ப்பதில்லை, இளைஞர் ஒருவர் கேட்கும் கேள்விக்கு விடை தெரியவில்லை. இவை அனைத்துக்கும் தன் ஜெபக் குறைவே காரணம் என்று அவர் தன்னையே நொந்துகொண்டிருப்பார். கூட்டத்தை நடத்துவது பழகிக் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு திறமை என்பதை அவருக்கு எவராவது சொல்லியாக வேண்டும். சத்தமில்லாத குழு நலமாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். உதவி கேட்டு வராத தலைவரிடம்தான் நீங்கள் முதலில் போக வேண்டும்.

தலைமைப் பயிற்சிகளில் யாத்திராகமம் 18ஆம் அதிகாரம் தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால், மக்களின் வழக்குகளைத் தனியாகவே விசாரித்துக்கொண்டிருந்த மோசேக்கு அவருடைய மாமனார் எத்திரோ கூறிய ஆலோசனையில், பத்துப்பேருக்கு ஒரு தலைவர் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, ஐம்பது பேருக்கும் நூறு பேருக்கும் ஆயிரம் பேருக்கும் பொறுப்பாளர்கள் இருந்ததையும், கடினமான வழக்குகள் மோசேயிடமே வர வேண்டுமென்று வரையறுக்கப்பட்டதையும் கடந்துபோய்விடுகிறோம். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி தொடங்கிய மெதடிஸ்ட் இயக்கத்தின் 'வகுப்புகள்' என்ற சிறுகுழுக்களைப் பற்றிய நம் நினைவும் இப்படித்தான் பாதியில் நிற்கிறது. 1742இல் பிரிஸ்டலில், கட்டடக் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி வசூலிக்கும் ஏற்பாடாக இந்த வகுப்புகள் தொடங்கி, பின்பு ஆத்தும விசாரணைக்கானவையாக வளர்ந்தன. 1743இல் அவர் வெளியிட்ட பொது விதிகளின்படி ஒரு வகுப்பில் சுமார் 12 பேர். தலைவர் அவர்கள் ஒவ்வொருவரையும் வாரம் ஒருமுறையாவது காண வேண்டும். அதே விதிகளில், அந்தத் தலைவர் வாரம் ஒருமுறை ஊழியரையும் சங்க நிர்வாகிகளையும் சந்திக்க வேண்டும் என்றும் இருக்கிறது. முதல் விதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்ட சபைகளில்தான் தலைவர்கள் தளர்ந்துபோவதை நான் அதிகம் காண்கிறேன்.

"எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பாடம் முடிந்தது" என்று கேட்பது கணக்கெடுப்பு மட்டுமே; அதை வழிகாட்டுதல் என்று அழைக்காதீர்கள். மாதம் ஒருமுறையாவது தலைவரைத் தனியாகச் சந்தித்து, முதலில் அவருடைய உறக்கத்தையும் உடல்நலத்தையும் வீட்டையும் விசாரியுங்கள். குழுவைப் பற்றிய பேச்சு பிறகு வரட்டும். உண்மையான சங்கடம் பெரும்பாலும் எழுந்து புறப்படும் நேரத்தில்தான் வெளிவரும் என்பதால், அடுத்த வேலையை அந்தச் சந்திப்போடு ஒட்டி வைக்காதீர்கள். ஒரு வழிகாட்டியிடம் நான்கைந்து தலைவர்களுக்கு மேல் ஒப்படைக்கக் கூடாது. குழுவுக்குச் செல்லும்போது பங்கேற்பவராக உட்காருங்கள், குறையைக் கூட்டத்தின் நடுவே திருத்தாதீர்கள். அப்போஸ்தலர் நடபடிகளில், ஜெப ஆலயத்தில் போதித்த அப்பொல்லோவுக்கு முழுமையாகத் தெரியாததை, ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தனியே சேர்த்துக்கொண்டுதான் விளக்கினார்கள். தலைவர் களைத்த பின்பு தேடாமல், முதல் நாளிலிருந்தே ஓர் உதவித் தலைவரை அவருடன் பழக விடுங்கள்.

ஒரு காரியத்தில் மட்டும் கண்டிப்பாகவே எழுதுகிறேன். தற்கொலை எண்ணம், வீட்டு வன்முறை, குழந்தைக்கு இழைக்கப்படும் கொடுமை ஆகியவற்றைக் குழுவில் ஒருவர் வெளிப்படுத்தினால், தலைவர் அதைத் தனியாகச் சுமக்கவே கூடாது. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்க வேண்டாம் என்றும், உயிருக்கு ஆபத்து என்றால் அன்றைக்கே யாரை அழைக்க வேண்டும் என்றும் அவருக்கு எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். இத்தகைய நேரத்தில் ஜெபத்தோடு கூட மருத்துவரும் மனநல ஆலோசகரும் சட்டத்தின் பாதுகாப்பும் தேவை. குழந்தை சம்பந்தப்பட்டதைச் சபைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வோம் என்று சொல்லும் மூப்பர்களை நான் சந்தித்திருக்கிறேன். தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள். அந்தக் குழந்தைக்கு அது இன்னொரு அநீதி. கேட்ட தலைவருக்கும் அதன்பின் பல வாரங்களுக்கு ஒருவர் துணை நிற்க வேண்டும்.

பொறுப்புக்குக் காலவரம்பு வையுங்கள். ஓராண்டோ இரண்டாண்டோ முடிந்ததும், தொடர விருப்பமா, ஓய்வு வேண்டுமா என்று கேட்டு, ஓய்வு கேட்பவரைச் சபையார் முன்பாக நன்றியோடு அனுப்பி வையுங்கள். முடிவுத் தேதி இல்லாத பொறுப்பிலிருந்து வெளியேற, மனிதருக்குக் "குடும்பச் சூழ்நிலை" என்ற ஒரே வழிதான் இருக்கிறது.

ஏற்கெனவே விலகிவிட்டவர் உங்கள் சபையில் இருந்தால், மறுபரிசீலனை செய்யும்படி அவரை வற்புறுத்த வேண்டாம். இந்த மாதத்திற்குள், எந்தப் பொறுப்பையும் கையில் எடுத்துச் செல்லாமல், அவர் வீட்டிற்குப் போய் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேளுங்கள். அவருடைய குழுவில் இருந்தவர்களை இப்போது யார் கவனிக்கிறார்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்; கேட்காவிட்டாலும் அதை அறிய அவர் விரும்புவார்.