பழைய ரோல்ஸ் ராய்ஸ் விற்பனைக்கு: பெயிண்டைப் பார்க்கும் முன் பிரேக்கை மிதியுங்கள்

பிரிட்டனில் பழைய சொகுசு செடான் தேடுகிறவர்களை முதலில் மயக்குவது ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோதான். 1965 முதல் 1980 வரை இங்கிலாந்தின் க்ரூ நகர ஆலையில் தயாரானது. இன்று ஒரு சாதாரண புதுக் கார் வாங்கும் பணத்துக்கே கிடைக்கும். கார் மலிவாகிவிட்டது, பாகங்களும் வேலைக்கூலியும் ரோல்ஸ் ராய்ஸ் விலையிலேயே நிற்கின்றன.

விற்பவர் "இதுக்கு எம்.ஓ.டி. தேவையில்லை" என்பார். எம்.ஓ.டி. என்பது வண்டி பாதுகாப்பாக ஓடுமா என்று பிரிட்டனில் வருடா வருடம் பார்க்கும் சோதனை. அவர் சொல்வது உண்மைதான். பெரிய மாற்றம் செய்யாமல் 40 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு அங்கே 2018 மே முதல் அந்தச் சோதனை கட்டாயமில்லை. அதனாலேயே சோதிக்க வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. பதிவு எண்ணை அரசின் இணையதளத்தில் போட்டால், 2005 முதலான எம்.ஓ.டி. வரலாறு கிடைக்கும். வருடா வருடம் 'துரு' என்று எழுதிவிட்டுப் பிறகு சோதனைக்கே போகாத வண்டி என்றால் உஷார்.

இந்தக் காரின் உயிர் ஹைட்ராலிக்ஸில், அதாவது திரவ அழுத்தத்தால் இயங்கும் அமைப்பில் இருக்கிறது. பிரேக்குக்கும் பின்பக்க உயரத்தைச் சமன்செய்யும் அமைப்புக்கும் எஞ்சின் ஓட்டும் இரண்டு பம்புகள்தான் அழுத்தம் தருகின்றன. அந்த அழுத்தத்தை நைட்ரஜன் அடைத்த இரண்டு அக்யுமுலேட்டர்கள் தேக்கி வைக்கின்றன. சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். இக்னிஷனை மட்டும் போட்டு, பிரேக் பெடலை முழுதாக மிதித்து மிதித்து விடுங்கள், எண்ணிக்கொண்டே. நல்ல நிலையில் இருந்தால் இருபது மிதிக்கு மேல் தாங்கும். பத்துக்குள் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அக்யுமுலேட்டரைப் பிரித்துப் பார்க்கும் செலவு காத்திருக்கிறது. இரண்டு விளக்குகள் உண்டு, அழுத்தத் திரவம் ஓடும் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் ஒன்று. ஒன்று மட்டும் சீக்கிரம் எரிந்தாலும் அதே கதைதான்.

அடுத்தது திரவம். ஷேடோவுக்கு ஆர்ஆர்363 என்ற, ஆமணக்கெண்ணெய் சேர்ந்த பிரேக் திரவம். 1980இல் வந்த சில்வர் ஸ்பிரிட்டுக்கோ மினரல் ஆயில். 'எல்லாம் ரோல்ஸ் ராய்ஸ்தானே' என்று யாராவது மாற்றி ஊற்றியிருந்தால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். மொத்த அமைப்பையும் பிரித்து மேய வேண்டியதுதான். கடையில் கிடைக்கும் சாதாரண பிரேக் திரவமான டாட் 4 மட்டும் ஊற்றினால் பம்புக்கு வேண்டிய வழுவழுப்பு கிடைக்காது.

எஞ்சின் அலுமினிய வி8, 1970இல் 6.2 லிட்டரிலிருந்து 6.75க்கு வளர்ந்தது. முரட்டு உழைப்பாளி, ஆனால் கூலண்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை) கவனிக்காமல் விட்டால் மன்னிக்காது. எஞ்சின் பிளாக்கின் வெளிப்பக்கம் கீழே வரிசையாகச் சின்னத் துளைகள் தெரியும். சிலிண்டருக்குள் உறையாக இருக்கும் லைனரின் சீல் போனால் கூலண்ட் அங்கேதான் கசியும். டார்ச் அடித்து, கறையும் ஈரமும் தேடுங்கள். துளையை யாராவது அடைத்திருந்தால் பேரம் பேசாமல் கிளம்புங்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் வால்வை இயக்கும் டேப்பட் கொஞ்ச நேரம் தட்டிச் சத்தம் போடுவது பெரிய விஷயமில்லை.

பாடி தனிச் சேஸிஸ் இல்லாத கூடு என்பதால், துரு வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. கதவுக்கடியில் ஓடும் சில், பின்சக்கர வளைவு, பின் ஸ்பிரிங் உட்காரும் இடம் மூன்றையும் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கும். கதவு, பானட், டிக்கி மூடி மூன்றும் அலுமினியம், அங்கே காந்தம் ஒட்டாது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

வண்டியின் பதிவு ஆவணமான வி5சி லாக்புக் பதிவுப் பெயரைத்தான் சொல்லும், உரிமைக்குச் சான்றாகாது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து ரோல்ஸ் ராய்ஸ் என்தூசியஸ்ட்ஸ் கிளப்பில் ஆலைப் பதிவைக் கேட்டுப் பெறலாம். கடைசியாக பில் கட்டைப் புரட்டுங்கள். பெயிண்டுக்கும் தோல் சீட்டுக்கும் ஆயிரக்கணக்கில் பவுண்டு போயிருக்கும்; பிரேக் ஹோஸ் (திரவம் போகும் ரப்பர் குழாய்) மாற்றிய பில் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.