வாய்வு என்று பெயர் வைத்த வலி

அந்த மனிதர் என் கிளினிக்குக்குள் நுழைந்தபோது ஓமத்தின் வாசனையும் தைலத்தின் நெடியும் அவருக்கு முன்னால் வந்தன. வயது 54. பினாங்கில், பட்டர்வொர்த்தில் வீடு, கடல் தாண்டி ஜார்ஜ் டவுனில் வேலை. விடியற்காலை நான்கு மணிக்கு மேல்வயிற்றை இறுக்கிப் பிடித்திருக்கிறது. மனைவி ஓமத் தண்ணீர் கொடுத்து, தைலம் தேய்த்துவிட்டிருக்கிறார். ஒரு ஏப்பம் வந்தது. கொஞ்சம் இதமாகவும் இருந்ததாம். ஏழு மணிக்கு வீட்டருகே ஒரு கிளினிக்கில் புளித்த ஏப்பத்துக்கான மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஃபெரியில் வரும்போது வாந்தி. என்னிடம் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது.

"வெறும் வாய்வுதான் டாக்டர். ஒரு ஊசி போட்டுவிடுங்கள், வேலைக்குப் போக வேண்டும்" என்றார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது, கை சில்லிட்டிருந்தது. இசிஜி எடுத்தேன். இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு. உடனே அவசர எண் 999ஐ அழைத்தோம். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தில் இறந்த தசை மீண்டும் வளராது. இப்போது இரண்டு மாடி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறார்.

சனிக்கிழமைகளில் தாதியர் பயிற்சியின் முதலாமாண்டு மாணவர்களுக்கு உடற்கூறு சொல்லித் தருகிறேன். இதயம் எங்கே என்று கேட்டால் எல்லாக் கைகளும் இடது மார்புக்குத்தான் போகும். அது முழுச் சரியல்ல. இதயம் மார்பெலும்புக்குப் பின்னால், நெஞ்சின் நடுவில் இருக்கிறது. அதன் பெரும்பகுதி மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதைவிட முக்கியம், அது எதன் மேல் அமர்ந்திருக்கிறது என்பது. உதரவிதானம் என்ற தசைத்தட்டின் மேல் இதயத்தின் கீழ்ச்சுவர் படிந்திருக்கிறது. அந்தத் தட்டின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். அதற்கு நேர் கீழே ஈரலும் இரைப்பையும்! இதயமும் இரைப்பையும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் அண்டை வீட்டார்.

நரம்புகளின் கதை இன்னும் சுவையானது. இதயத்தின் வலியைச் சுமக்கும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் மேல்மார்புப் பகுதிக்குள் நுழைகின்றன. நெஞ்சின் தோலிலிருந்தும் கையின் உட்பக்கத்திலிருந்தும் வரும் இழைகள் தண்டுவடத்தின் அதே இடங்களில் வந்து சேர்கின்றன. இரைப்பையின் இழைகளோ அதற்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய ஒட்டினாற்போல் நுழைகின்றன. தோலிலிருந்து ஓயாமல் சேதி கேட்டுப் பழகிய மூளைக்கு, இதயத்திலிருந்து வரும் சேதி புதிது. எந்த வாசலிலிருந்து வந்தது என்று அதற்குத் திட்டமாகத் தெரியாது. அதனால் வலியைக் கையிலோ தாடையிலோ முதுகிலோ மேல்வயிற்றிலோ கொண்டுபோய் வைக்கிறது. கீழ்ச்சுவர் பாதிக்கப்படும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கும் இரைப்பைக்கும் கிளைவிடும் வேகஸ் என்ற நரம்பும் தூண்டப்படுவதால் குமட்டலும் வாந்தியும் சேர்ந்துகொள்கின்றன. இத்தனையும் ஒன்றாக வந்தால் யாருக்குத்தான் வயிறு என்று தோன்றாது? அவர் வாய்வு என்று சொன்னதை அறியாமை என்று சிரிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அவருடைய உடலே அவருக்கு அப்படித்தான் சொன்னது. நம் மொழியிலும் இந்த மயக்கம் இருக்கிறது: இரைப்பை அமிலம் மேலேறுவதையும் 'நெஞ்சு கரிக்கிறது' என்றுதானே சொல்கிறோம்.

மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் இதயத்துக்குள்ளேயே ஓடும்போது அதன் தசைக்கு ஏன் இரத்தப் பஞ்சம் வருகிறது? அறைகளுக்குள் நிறைந்த இரத்தம் அந்தத் தடித்த சுவரை ஊட்ட உதவாது. பெருந்தமனி புறப்படும் இடத்திலேயே பிரியும் இரண்டு இதயத் தமனிகள்தான் அதற்குச் சோறு போடுகின்றன. ஒன்று முழுதாக அடைபட்டால் அரை மணி நேரத்துக்குள் செல்கள் இறக்கத் தொடங்கும். உட்சுவரில் தொடங்கி வெளிப்புறமாக மணிக்கணக்கில் பரவும். ஓமத் தண்ணீருக்கும் ஏப்பத்துக்கும் காத்திருந்த நேரம் இந்தக் கணக்கில்தான் கழிகிறது.

மலேசியாவில் 2020இல் மருத்துவர் சான்றளித்த இறப்புகளில் 17 விழுக்காட்டுக்கு இதயத் தமனி நோயே காரணம். அதனுடன் இனிப்புநீர் என்ற நீரிழிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: 2019 தேசிய ஆய்வின்படி 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. நம் இந்தியச் சமூகத்தில் விகிதம் இன்னும் அதிகம். பல ஆண்டு இனிப்புநீர் நரம்புகளையே மழுங்கடித்துவிடும். அவர்களுக்கு வலியே இல்லாமல், மூச்சுத்திணறலும் சொல்ல முடியாத அசதியும் மட்டும் வரலாம். பெண்களிடமும் இப்படி வருவதுண்டு. சமையற்கட்டில் நின்ற களைப்பு என்று வீடே அதைக் கடந்துபோய்விடுகிறது.

தாடைக்கும் தொப்புளுக்கும் இடையில் புதிதாக ஒரு பிடிப்பு, அழுத்தம், எரிச்சல் வந்து பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால், குளிர்ந்த வியர்வையோ மூச்சிரைப்போ கூட வந்தால் காத்திருக்கவே வேண்டாம், 999ஐ அழையுங்கள். தாமே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஏப்பம் விட்டதும் இதமாக இருந்தது, மாத்திரை போட்டதும் குறைந்தது என்பதெல்லாம் இதயத்துக்கு ஒன்றுமில்லை என்பதற்குச் சான்றாகாது. முதல் இசிஜி சரியாக இருந்தும் வலி நிற்கவில்லை என்றால் இரண்டாவது முறையும் எடுக்கச் சொல்லுங்கள். அடைப்பு தொடங்கிய சிறிது நேரத்துக்கு அதில் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

சென்ற மாதம் அவர் மனைவியுடன் மறுபரிசோதனைக்கு வந்தார். "நான்தான் தைலம் தேய்த்து நேரத்தைப் போக்கிவிட்டேன்" என்று அந்த அம்மா அழுதார். ஒரு தாளில் உதரவிதானத்தைக் கோடாக இழுத்து, மேலே இதயத்தையும் கீழே இரைப்பையையும் வரைந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.