ஒன்றியவாழி: மட்டிக்குள் குடியிருக்கும் பற்றீரியாவுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

தம்பலகாமக் குடாவின் ஓரம் கண்டல் சேற்றில் காலை வைத்தால் கூழ்முட்டை மணம் கிளம்பும். ஐதரசன் சல்பைட்டு வாயுவின் மணம் அது. மட்டி பொறுக்கப் போகிறவர்களுக்குப் பழகிப்போனது. திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிக்கும் என் அக்கா மகளுக்கு ஆழ்கடல் மட்டிகளைப் பற்றிச் சொல்லும்போது அந்தச் சேற்றிலிருந்துதான் தொடங்கினேன். "அந்த நாத்தத்தை வச்சே சாப்பாடு ஆக்கிக் குடுக்கிற பற்றீரியாவை உடம்புக்குள்ள வளர்க்கிற மட்டியெல்லாம் இருக்கு" என்றேன். "அந்தப் பற்றீரியாவுக்குத் தமிழில என்ன பேர், மாமா?" என்று கேட்டாள்.

ஆங்கிலத்தில் சிம்பயோன்ட். அந்த உறவுக்குப் பெயர் சிம்பயோசிஸ். கிரேக்கத்தில் 'சின்' என்றால் கூட, 'பயோஸ்' என்றால் வாழ்வு. 1877இல் பிராங்கு என்ற செருமானியத் தாவரவியலாளர் இலைக்கன்களைப் பற்றி எழுதும்போது இதையொத்த ஒரு சொல்லைக் கையாண்டார். அடுத்த ஆண்டு அன்ரன் டி பாரி அதற்குப் பொருள் வரையறுத்து நிலைநிறுத்தினார். வெவ்வேறு இன உயிர்கள் சேர்ந்து வாழ்வது, அவ்வளவுதான் அவர் சொன்னது. யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்ற கேள்வியே அதில் இல்லை. மாமரத்தில் குருவிச்சை படர்வதும் அவர் கணக்கில் சிம்பயோசிஸ்தான்.

தமிழில் பல பெயர்கள் வந்தன. தமிழ்நாட்டில் கூட்டுயிர் வாழ்க்கை, இணைவாழ்வு என்பார்கள். எங்கள் பாடநூல்களில் ஒன்றியவாழ்வு. அதுவும் இரு தரப்பும் பயன்பெறும் உறவுக்கே அதிகம் வழங்குகிறது. அங்கேயே ஓரட்டிலுண்ணல் என்று இன்னொரு சொல் உண்டு. ஒன்று பயன்பெற, மற்றதற்கு லாபமும் நட்டமும் இல்லாத உறவு அது. அட்டில் என்றால் சமையலறை. ஒரே அடுப்படியில் உண்பவர்கள் என்று சொல்லி வைத்தவரை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சி.

எந்தச் சொல் சரி? மட்டியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

1977இல் கலாபகசுத் தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 2,500 மீற்றர் ஆழத்தில், வெந்நீர் ஊற்றுகளைக் கண்டார்கள். கன்னியாவில் நாம் வாளியால் அள்ளிக் குளிக்கும் வெந்நீர் போன்றதல்ல. சல்பைட்டு கரைந்து வரும் நீர். வெளிச்சமே இல்லாத அந்த இடத்தில் பெரிய வெள்ளை மட்டிகள் கூட்டங்கூட்டமாக இருந்தன. இந்த மட்டி பாறை வெடிப்புக்குள் காலை நீட்டிச் சல்பைட்டை உறிஞ்சும். இரத்தம் அதைச் செவுளுக்குக் கொண்டுபோகும் (மீன் வெட்டும்போது பூ என்கிறோமே, அதுதான்). செவுளின் கலங்களுக்குள் இருக்கும் பற்றீரியா சல்பைட்டை ஒட்சியேற்றி, அந்தச் சக்தியால் காபனீரொட்சைட்டை உணவாக்கும். மட்டியின் சொந்தக் குடல் சிறுத்துப்போய்விட்டது. பாடநூல் மட்டியை 'விருந்துவழங்கி' என்கிறது, ஆனால் இங்கே சமைத்துப் போடுவது விருந்தாளி.

2007இல் இப்படிப்பட்ட இரண்டு பற்றீரியாக்களின் மரபணுத்தொகையை, அதாவது டி.என்.ஏ. எழுத்துகள் முழுவதையும், படித்தார்கள். கலாபகசு மட்டியின் இனத்துக்குள் இருப்பதற்கு 'ருத்தியா' என்று பெயர், அதில் ஏறத்தாழ 11.6 இலட்சம் எழுத்துகள். யப்பானுக்கு அருகே ஆழ்கடலில் வாழும் மட்டி ஒன்றில் இருப்பதற்கு 10.2 இலட்சம். நம் குடலில் வாழும் ஈ. கோலையின் ஆய்வுகூட வகைக்கு 46 இலட்சம். நாலில் ஒரு பங்குதான் மிச்சம்!

ஏன் இப்படிச் சுருங்கியது? தாய் மட்டி முட்டையிலேயே பற்றீரியாவை வைத்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் சிலதான் கடந்து போகும், வெளியாருடன் மரபணு மாற்றிக்கொள்ளவும் வழி மிகக் குறைவு. ஒரு பிழை விழுந்தால் அதைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. கலத்துக்குள் பயன்படாத மரபணுக்கள் கெட்டு, பிறகு உதிர்ந்துவிடும். டி.என்.ஏ.யைப் பழுதுபார்க்கும் சில மரபணுக்களே போய்விட்டன. ஆனால் எல்லாம் போகவில்லை. கந்தகத்தைக் கையாள்வது, காபனைப் பதிப்பது, அமினோவமிலங்களும் விற்றமின்களும் ஆக்குவது எல்லாம் இருக்கின்றன. செடிப்பேனுக்குள் வாழும் பற்றீரியா வெறும் 6.4 இலட்சம் எழுத்துகளோடு பிழைக்கிறது. அதன் வீட்டுக்காரர் செடியின் சாற்றைக் குடித்துக்கொள்வார். மட்டிக்கு அப்படி வேறு வழியில்லை, அதனால் சமையல் மரபணுக்களை இழக்க முடியாது.

இதே ஊற்றுகளில் வாழும் இன்னொரு கூட்டம், பாறையில் நாரால் ஒட்டிக்கொள்ளும் நீள்சிப்பிகள். அவை தம் பற்றீரியாக்களைத் தலைமுறைதோறும் கடல் நீரிலிருந்து புதிதாகப் பெறுகின்றன. அந்தப் பற்றீரியாக்களின் மரபணுத்தொகை இப்படிச் சுருங்கவில்லை.

அதனால் டி பாரியின் பரந்த பொருளுக்குக் கூட்டுவாழ்வு என்பதை வைத்துக்கொள்ளலாம். குருவிச்சையும் அதில் அடங்கும், நீள்சிப்பியும் அடங்கும். ஒன்றியவாழ்வு என்பதை வெள்ளை மட்டி போன்ற உறவுக்கே ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. "பிள்ளை அம்மம்மாவோட ஒன்றிப்போச்சு" என்கிறோம் அல்லவா, பிரித்தெடுக்க முடியாத அந்த நிலை கிரேக்கச் சொல்லில் இல்லை, தமிழில் இருக்கிறது. அப்படி ஒன்றி வாழும் பற்றீரியா ஒன்றியவாழி. கலத்துக்குள்ளேயே குடியிருப்பதால் அகவொன்றியவாழி என்றும் சொல்லலாம்.

மருமகள் கொப்பியில் எழுதிக்கொண்டே, "அப்ப ரெண்டும் ஒன்றாயிட்டுதா?" என்று கேட்டாள். இல்லை. எப்போதாவது ஒரு மட்டி இனம் அயல் இனத்தின் பற்றீரியாவை வாங்கிக்கொண்டதற்கான தடயங்களும் கிடைத்திருக்கின்றன. ஒன்றியவை, ஆனால் ஒன்றானவை அல்ல என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.