பழைய கிராபிக்ஸ் கார்டின் வேகம் பெயரில் இல்லை

ஊட்டி, குன்னூர் பக்கம் கேம் ஆடுகிற பிள்ளைகள் பலருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு, அதாவது கம்ப்யூட்டர் திரையில் படம் வரைந்து தரும் பாகம், எட்டாத விலை. கோவைக்கு இறங்கி செகண்ட் ஹேண்டில்தான் தேடுகிறார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயம், கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு நாணயம் ஈட்டும் மைனிங் முறையைக் கைவிட்டதும், அதற்காக ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. “அண்ணா, ஜிடிஎக்ஸ் 960 வாங்கலாமா, 1050 டிஐ வாங்கலாமா?” என்று என்விடியா நிறுவனத்தின் இரண்டு பழைய கார்டுகளைச் சொல்லிக் கேட்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் தெரிந்தால் அடுத்த கார்டை அவர்களே எடைபோட்டுக்கொள்வார்கள்.

சாதாரண முழு எச்.டி. திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. விநாடிக்கு 60 படம் வேண்டுமென்றால் 12 கோடிக்கும் அதிகமான புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். நிழல், வெளிச்சம், புகை என்று ஒரே புள்ளிக்குப் பல கணக்குகள் விழும். இதைப் பிரித்துக்கொண்டு செய்யத்தான் கார்டில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன கணக்கிடும் பகுதிகள், அதாவது கோர்கள். கடைக்காரர் முதலில் சொல்வதும் கோர் எண்ணிக்கையைத்தான்.

அந்த எண் ஒரே தலைமுறைக்குள் உதவும்; தலைமுறை மாறினால் ஏமாற்றும். 2010-இல் வந்த ஜிடிஎக்ஸ் 580-இல் 512 கோர்கள். 2012-இல் வந்த 680-இல் 1536. பார்க்க மூன்று மடங்கு. ஆனால் ஒவ்வொரு கோரும் ஓடும் வேகத்தை மெகாஹெர்ட்ஸில் சொல்வார்கள்; 580-இன் கோர்கள் 1544 மெகாஹெர்ட்ஸில் ஓடின, 680-இன் கோர்கள் 1006-இல். பெருக்கிப் பார்த்தால் கணக்கிடும் திறன் இரண்டு மடங்குதான். கேமில் அதுவும் முழுசாகக் கைக்கு வரவில்லை. அதற்கு ஒரு பெரிய காரணம், இரண்டு கார்டிலும் மெமரி பேண்ட்வித், அதாவது கார்டின் மெமரியிலிருந்து விநாடிக்கு வரக்கூடிய தரவின் அளவு, ஏறக்குறைய ஒன்றே: விநாடிக்கு 192 ஜிபி.

பழைய கார்டுகளை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது இந்த பேண்ட்வித்தைத்தான். தேயிலை ஆலைக்குள் எத்தனை ரோலர் இருந்தாலும், பசுந்தேயிலை வந்து சேரும் மலைப்பாதை ஒற்றைத் தடமாக இருந்தால் மெஷின் சும்மாதான் நிற்கும். கோர்களும் அப்படித்தான், தரவு வரும்வரை காத்துக்கிடக்கும். பாதையின் அகலத்தைக் கணக்கிடுவது எளிது. பஸ் அகலத்தை (ஒரே நேரத்தில் எத்தனை பிட் போகும் என்பதை) மெமரியின் வேகத்தால் பெருக்கி, எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் போதும். ஜிடிஎக்ஸ் 1060-இன் 6 ஜிபி கார்டில் பஸ் அகலம் 192 பிட், மெமரியின் வேகம் விநாடிக்கு 8 கிகாபிட். ஆக விநாடிக்கு 192 ஜிபி.

ஜிடி 1030-இன் கதை இதை அப்பட்டமாகக் காட்டும். 2017-இல் வந்த கார்டில் ஜிடிடிஆர்5 என்ற வேகமான மெமரி, விநாடிக்கு 48 ஜிபி. அடுத்த ஆண்டு அதே பெயரில், அதே 384 கோர்களோடு, டிடிஆர்4 என்ற மெதுவான மெமரி வைத்து இன்னொன்று வந்தது. அதில் பேண்ட்வித் 17 ஜிபிகூட இல்லை. பல கேம்களில் வேகம் பாதியளவுக்கு விழுந்தது. பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் ஒன்றுதான். இது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். 1060-இலும் இந்த வேலை உண்டு. 3 ஜிபி கார்டில் மெமரி மட்டுமல்ல, கோரும் 1280-இலிருந்து 1152 ஆகக் குறைக்கப்பட்டது. கடையிலேயே ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மெமரி வகை, பஸ் அகலம், பேண்ட்வித் மூன்றையும் காட்டிவிடும். பழைய சிப்பில் வேறு பெயரை ஏற்றி விற்கும் போலிகள் பலவற்றையும் கண்டுபிடித்துவிடும்.

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். 960-இல் 1024 கோர், 1050 டிஐ-இல் 768. இரண்டிலும் 128 பிட் பஸ், 112 ஜிபி பேண்ட்வித். கோர் குறைவு என்றாலும் 1050 டிஐ அதிக மெகாஹெர்ட்ஸில் ஓடுவதால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் 960-களில் நிறைய 2 ஜிபி மெமரி. 1050 டிஐ-இல் 4 ஜிபி. கேமின் படங்கள் 2 ஜிபியில் அடங்காமல் வழிந்தால், மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து இழுக்க வேண்டும். அந்த வழியில் விநாடிக்கு 16 ஜிபிதான் வரும். அந்த நொடியில் படம் திக்கும்.

சராசரி எஃப்.பி.எஸ்., அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்ற எண், இந்தத் திக்கலை மறைத்துவிடும். 60 எஃப்.பி.எஸ். என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லி விநாடி. நடுவில் சில படங்கள் 50 மில்லி விநாடி எடுத்தாலும் சராசரி பெரிதாக அசையாது, கண்ணுக்கு மட்டும் உறுத்தும். அதனால் மிக மெதுவான ஒரு சதவீதப் படங்களின் வேகத்தையும் கேட்டுப் பாருங்கள். கூடவே, 960-க்கு 120 வாட். தனி பவர் வயர் வேண்டும். 1050 டிஐ-க்கு 75 வாட். மதர்போர்டு ஸ்லாட்டே அதைக் கொடுத்துவிடும். பழைய அலுவலகக் கம்ப்யூட்டரில் மாட்ட நினைப்பவருக்கு இதுவே முடிவைச் சொல்லிவிடும். 1050 டிஐ வாங்கு தம்பி.

மலையில் சோதிக்கும்போது இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் சூட்டை அள்ளிப்போகும் காற்று குறைவுதான். ஆனால் அறையே 15 டிகிரியில் இருந்தால் அந்த நஷ்டம் ஈடாகி மிச்சமும் கிடைக்கும். 1050 டிஐ, 1060 போன்ற கார்டுகள் சூடு ஏற ஏறத் தங்கள் மெகாஹெர்ட்ஸைப் படிப்படியாகத் தாமே இறக்கிக்கொள்ளும். குளிரில் அந்த இறக்கம் குறைவு என்பதால், சிப்பின் சூட்டைக் கடத்தப் பூசிய, இப்போது காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும், அந்தச் சூட்டை வாங்கி வெளியே விடும் உலோக ஹீட்சிங்கில் அடைத்த தூசியும் ஊட்டியில் வெளியே தெரியாமலே ஓடிவிடும். அதே கார்டை ஏப்ரலில் கோவை ஹாஸ்டலுக்கு எடுத்துப்போனால் அரை மணி நேரத்தில் சாயம் வெளுத்துவிடும். ஆகவே வாங்கும் முன் அரை மணி நேரமாவது முழுச் சுமையில் ஓட்டி, முதல் நிமிட மெகாஹெர்ட்ஸையும் கடைசி நிமிட மெகாஹெர்ட்ஸையும், பக்கத்திலேயே அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்.