மைனஸ் ஒன்பது வாங்கிய ஆட்டக்காரர்

கனடாவில் இளையோர் ஐஸ் ஹாக்கி அணி ஒன்றுக்கு ஆட்டத் தரவுகளைத் தொகுத்துக் கொடுத்துவந்த காலத்தில், பருவத்தின் நடுவே பயிற்சியாளர் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். அணியிலேயே அதிக கோல் போட்டிருந்த முன்கள வீரரின் பெயருக்கு நேராக ‘மைனஸ் 9’ என்றிருந்தது. அணியின் சிறந்த தாக்குதல் வீரர்கள் சேர்ந்து ஆடும் முதல் வரிசையிலிருந்து அவரை இறக்கிவிடலாமா என்று கேட்டார்.

வீரர் பனித்தளத்தில் இருக்கும்போது அவரது அணி கோல் போட்டால் கூட்டல் ஒன்று, வாங்கினால் கழித்தல் ஒன்று. எதிரணி வீரர் தண்டனை பெற்று வெளியே இருக்க, ஆள் பலத்தோடு ஆடும் ‘பவர் பிளே’யில் போடும் கோல்கள் கணக்கில் சேரா. இதுதான் பிளஸ்-மைனஸ். அவர்மேல் ஏறிய கழித்தல்களை ஒவ்வொன்றாகக் காணொளியில் ஓட்டிப் பார்த்தேன். அவற்றில் ஐந்து, ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் எங்கள் கோல்கீப்பரை வெளியே அழைத்து ஆறாவது தாக்குதல் வீரரை இறக்கிய பிறகு, காலி வலைக்குள் போனவை. பின்தங்கியிருக்கும்போது கோல் போடக்கூடியவர் என்று நம்பி ஒவ்வொரு முறையும் அவரையே களத்தில் நிறுத்தியவர், தாளை நீட்டிய அதே பயிற்சியாளர்தான்.

இந்த ஆட்டத்தில் கோல் அரிது என்பதே சிக்கலின் வேர். வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். ஆட்டம் ஒன்றில் ஓர் அணி ஏறத்தாழ 30 ஷாட் அடித்து மூன்று கோல் போடுகிறது; பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு, அதாவது பக், யாருடைய ஸ்கேட்டிலோ பட்டுத் திரும்பினாலே முடிவு மாறிவிடும். ஆகவேதான் வலையை நோக்கிச் சென்றவை, குறி தவறியவை, எதிரணியினர் தடுத்தவை என எல்லா ஷாட் முயற்சிகளையும் எண்ணும் ‘கோர்சி’ பிறந்தது. பஃபலோ சேபர்ஸ் அணியின் கோல்கீப்பர் பயிற்சியாளர் ஜிம் கோர்சியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கோல்கீப்பரின் உழைப்பை அளக்க அவர் அப்படி எண்ணிவந்தார்.

2013-14 பருவத்தில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி, எதிரணிகளிடம் ஏராளமான ஷாட்களை வாங்கிக்கொண்டே புள்ளிகளையும் சேர்த்தது. கோர்சி கணக்கைப் பார்த்தவர்கள் இது நிலைக்காது என்றார்கள். கோல்கீப்பர் தாங்கிப் பிடித்தவரை அணி தாக்குப்பிடித்தது. கடைசி 14 ஆட்டங்களில் 12-இல் தோற்று பிளேஆஃப் வாய்ப்பை இழந்தது. அந்தக் கோடையிலேயே, தரவுப் பகுப்பாய்வில் நம்பிக்கை கொண்ட கைல் டூபாஸை உதவிப் பொது மேலாளராக அமர்த்தியது.

ஆனால் கோர்சியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. முன்னிலையில் இருக்கும் அணி தற்காப்புக்குள் ஒடுங்குவதால் அதன் ஷாட் எண்ணிக்கை தானாகவே குறையும். ஆட்டம் எந்த நிலையில் இருந்தது என்று பிரித்துப் பார்க்காவிட்டால், அதுவும் அந்த மைனஸ் ஒன்பதைப் போலவே ஏமாற்றிவிடும்.

என் பார்வையில், பயிற்சியாளருக்கு நேரடியாகப் பயன்படுவது, எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டைக் கடக்கும் கணக்கு. வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற எரிக் டல்ஸ்கி, பக்கைத் தள்ளிவிட்டுத் துரத்துவதைவிட அதைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டே எதிரணிப் பகுதிக்குள் நுழைந்தால் இரு மடங்குக்கும் மேல் ஷாட்கள் கிடைக்கின்றன என்று, கையால் குறித்த பதிவுகளைக் கொண்டு காட்டினார். அவர் 2024-இல் கரோலைனா ஹரிகேன்ஸின் பொது மேலாளரானார். இதற்கு விலையுயர்ந்த கேமராக்கள் வேண்டியதில்லை. பென்சிலும் பொறுமையும் இருந்தால் பள்ளி அணிகூடச் செய்யலாம்.

எங்கள் வீரரின் நுழைவுகளை அப்படிக் குறித்தபோது, பக்கைக் கட்டுப்பாட்டோடு கொண்டுசெல்வதில் அணியிலேயே அவர்தான் முதலிடத்தில் இருந்தார். அடுத்த வாரத் தாளில் காலி வலைக் கோல்களைத் தனிப் பத்தியாகப் பிரித்துக் கொடுத்தேன். முதல் வரிசையில் அவர் பெயர் அப்படியே இருந்தது.